மிதிக்காத பிரதி

மூன்றாம் அங்கத்தில் அதே இடம். நாடகத்தில் இறந்துபோன கணவனின் மேல்கோட்டைக் கையில் பிடித்தபடி செவெரீனா நின்றாள். வாய் திறந்திருந்தது, வசனம் வரவில்லை. நாற்பது வருட மேடை, இருபத்தாறு படங்கள். போலந்தின் லோட்ஸ் நகர டிராமில் இன்றும் அவளைக் கண்டால் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

"இதோட நாலாவது நாள், மேடம்," இருண்ட இருக்கைகளுக்கு நடுவிலிருந்து இயக்குநர் டொபியாஷ் சொன்னான். "வசனம் எடுத்துக்குடுக்கற மெஷினைக் காதுல வெச்சுக்கச் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறீங்க."

"காதுல ஏற்கெனவே ஒருத்தி உக்காந்திருக்கா, தம்பி. இடமில்ல."

யாரோ சிரித்தார்கள். டொபியாஷ் சிரிக்கவில்லை. "பத்து நிமிஷம் பிரேக். மறுபடி நின்னுட்டா ரோலை மாத்து நடிகை ஈவோனாவுக்குத்தான் குடுக்கணும்."

எல்லோரும் காபிக்குப் போனார்கள். மேடை விளிம்பில் தரைக்குள் பதிந்திருந்த சிறு கூண்டை செவெரீனா பார்த்தாள். அதற்குள் உட்கார்ந்து முப்பத்தொரு வருடம் அவளுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவள் லியோகாத்யா; செவெரீனாவுக்கு மட்டும் லோஜா. ஏப்ரலில் போய்விட்டாள். நேற்றுதான் செவெரீனா பனியில் நின்று அவள் கல்லறையில் விளக்கேற்றி வந்தாள். ஆனாலும் வார்த்தை தடுக்கும்போதெல்லாம் கூண்டுக்குள் யாரோ மூச்சை இழுப்பது கேட்கிறது. இழுத்த மூச்சு வார்த்தையாவதில்லை.

போன வாரம் நாடகப் பிரதி கைநழுவி விழுந்தது. விழுந்த பிரதியை மிதித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேடம் ஓடிப்போகும் என்பது நாடகப் பள்ளியில் முதல் நாளே தெரிந்துகொள்வது. ஆனால் பக்கமெல்லாம் லியோகாத்யாவின் பென்சில் எழுத்து. கீழே விழுந்த ரொட்டியை அந்த ஊரில் எடுத்து முத்தமிடுவதுபோல, மிதிக்காமலே எடுத்து முத்தமிட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து அந்த வசனம் வரவில்லை.

இப்போது பிரதியை விரித்துத் தரையில் வைத்தாள். "மன்னிச்சுக்கோ, லோஜா." தூக்கிய கால் இறங்க மறுத்தது.

"மிதிடி," என்றது கூண்டு. "மகாராணியாட்டம் நிக்காத."

மிதித்தாள். பிறகு எடுத்து, விரித்தபடியே கூண்டின் விளிம்பில் வைத்தாள்.

ஒத்திகை தொடங்கியது. மேல்கோட்டைக் கையில் எடுத்ததும் வசனம் தானாக வந்தது, கடைசிவரை. டொபியாஷ் எழுந்து நின்று கைதட்டினான். "ரோல் உங்களோடதுதான், மேடம்!"

அவள் குனிந்து பிரதியைப் பார்த்தாள். விரிந்திருந்த பக்கத்தின்மேல் அவளுடைய கூர்மையான குதிகால் தடம். அதை ஒட்டி இன்னொன்று: தட்டையான, சின்ன பூட்ஸ் தடம். அதில் ஒட்டியிருந்த பனி இன்னும் உருகவில்லை.

"லோஜா?"

கூண்டுக்குள் மூச்சு கேட்கவில்லை.