குடிக்கிறது நான்தான்

அவள் வேலை பார்த்த பார்லரில், சீப்புகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் தண்ணீர் ஸ்பிரே பாட்டில்களில் ஒன்றில் மட்டும் தண்ணீர் இருக்காது. காலையில் அதிலிருந்து இரண்டு மடக்கு உள்ளே போனால்தான் கை நடுக்கம் அடங்கும். ஒருநாள் அவசரத்தில் அதையே எடுத்து வாடிக்கையாளர் ஒருத்தியின் தலையில் பீய்ச்சிவிட்டாள். குப்பென்று வாடை. பதறியதில் கத்தரி அந்த அம்மாளின் காது மடலையும் பதம் பார்த்துவிட்டது.

பார்லர் முதலாளியம்மா கத்தவில்லை. கூட்டம் குறைந்ததும் உள்ளே கூப்பிட்டாள். "உன் கை நேர்த்தி இங்க வேற யாருக்கும் வராது. ஆனா இப்படியே வந்தா நான் என்ன பண்றது? முதல்ல இதை நிறுத்திட்டு வா."

அன்றைக்கே அவள் போனில் தேடி, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவின் எண்ணைக் கண்டுபிடித்தாள். நாலு தடவை அழுத்தி நாலு தடவையும் துண்டித்து, ஐந்தாவது தடவைதான் பேசினாள்.

"சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் எத்தனை வருஷமா குடிக்கிறார்?" என்றது ஒரு கனிவான குரல்.

"அவர் குடிக்கிறதில்லைங்க. நான்..."

"முதல்ல எல்லா வீட்லயும் இப்படித்தான் மறைப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் அவரை எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க." முகவரியைச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கணவர் பஸ் டிரைவர். இரண்டாவது டீயே உடம்புக்கு ஆகாது என்கிற மனுஷன். விஷயத்தைச் சொன்னதும், "நானும் வரேன். தனியா போனா ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்றார்.

நூலகத்து மாடியில் ஒரு நீள அறை. நடுவே பலகைத் தடுப்பு. வாசலில் நின்ற கண்ணாடிக்காரர் அவள் கணவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரலைக் கேட்டதுமே போனில் பேசியவர் இவர்தான் என்று தெரிந்துவிட்டது. "வந்துட்டீங்க பாருங்க சார், அதுவே பெரிய விஷயம்!"

அவள் கணவரைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

"குடும்பத்தார் அந்தப் பக்கம்மா" என்று அவளைத் தடுப்புக்கு மறுபுறம் அனுப்பிவிட்டார் கண்ணாடிக்காரர்.

அங்கே சில பெண்கள். வெள்ளை உடுப்போடு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி அவள் தோளில் கை வைத்தாள். "அடிப்பாரா?"

"அவரா? கொசுவைக்கூட கெஞ்சித்தான் விரட்டுவார்."

"பொறுமையா இருங்க. நாமதான் தாங்கிப் பிடிக்கணும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. "நான்... இன்னிக்குத்தான் முதல் தடவையா..." அவ்வளவுதான், படபடவென்று கைதட்டல். "சிங்கம்ணே நீங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"எதுக்குக் கை தட்டுறீங்க?" அந்தப் பக்கம் போய் நின்று கேட்டாள். "அந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிக்கிறது நான்தான்! போன்ல சொல்ல வந்தேன், நீங்க காது கொடுக்கல. வாசல்ல நின்னேன், என் முகத்தைக்கூட பார்க்கல. குடிக்காதவருக்குக் கைதட்டு, குடிக்கிறவளுக்குப் பொறுமையா இருன்னு புத்தியா?"

மூலையிலிருந்த பெரிய மீசைக்காரர் முனகினார். "லேடீஸ் இருந்தா நாங்க மனசு விட்டுப் பேச முடியாதுங்க."

"என் பொண்ணு பரிசு வாங்குற மேடைக்கு முன்னாடியே வாந்தி எடுத்தவ நான். இதுக்கு மேல என் எதிர்ல உங்களுக்கு என்ன கூச்சம்?"

கண்ணாடிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பு என் மேலதாம்மா. உட்காருங்க" என்று தன் நாற்காலியை நகர்த்தினார். கணவர் எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டு, பெண்கள் பக்கம் போனார்.

அவள் பேசினாள். அழுகையும் கோபமும் முட்டி, பாதி வார்த்தை வரவில்லை. ஆனால் ஒருத்தர்கூட குறுக்கிடவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். "ஏங்க வாயைத் திறக்கல?"

"உன் மானத்தைக் காப்பாத்தலாம்னு..."

"என் மானமா, உங்க மானமா? குடிகாரன்னு பேர் வந்தாலும் பரவாயில்ல, குடிகாரி புருஷன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. அதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்றிருந்தது அவளுக்கு. பஸ் இரண்டு போனபிறகு, "ஆமா" என்றார்.

அடுத்து வந்த பஸ்ஸில் ஏறி, அவரை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அந்த வாரம் நடுவில் ஒருநாள் மறுபடியும் குடித்தாள். சனிக்கிழமை போய் அதையும் ஒளிக்காமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மீசைக்காரர், "நானும் செவ்வாய்க்கிழமை போட்டேங்க. சொல்ல வேண்டாம்னுதான் வந்தேன்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

தடுப்புக்கு மறுபுறம் நர்ஸ் குரல் உயர்ந்திருந்தது. "பொண்டாட்டி குடிக்கிறான்னு சொல்ல உங்களுக்கு வெக்கம், அதுக்கு அவங்க ஓரமா உட்காரணுமா சார்?" கணவர் சொன்ன பதில் அவள் காதில் விழவில்லை. அதையெல்லாம் அவரே சமாளித்துக்கொள்ளட்டும் என்று, அவள் தன் பேச்சைத் தொடர்ந்தாள்.