ஈரலின் ஒரு துண்டு

டாக்டரின் அறையில் மூன்று நாற்காலிகள். நடுவில் இருப்பது எப்போதும் அவளுக்கு. அரபு பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக அந்த மருத்துவமனையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: "அவர் சொல்கிறார்" என்று ஆரம்பிக்கக் கூடாது, நோயாளி "நான்" என்றால் இவளும் "நான்". சொந்தக் கதையைக் கைப்பையோடு அலமாரியில் பூட்டிவிட்டு வர வேண்டும்.

அவள் எலும்பு, பல், கண் பிரிவுகளையே கேட்டு வாங்கிக்கொள்வாள். இன்று ஈரல் பிரிவுக்கு வேறு ஆள் இல்லை.

பக்கத்தில் ஒரு அப்பா. பதினாறு வயது மகளுக்குத் தன் ஈரலில் பாதியைக் கொடுக்க வந்திருந்தார்.

"உங்க ஈரல்ல கொழுப்பு ரொம்ப அதிகம். எடுத்தா உங்க உயிருக்கே ஆபத்து. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் உங்க பொண்ணு தாங்குறது கஷ்டம்," என்றார் டாக்டர்.

ஈரலுக்கு அரபியில் 'கபித்'. கல்லூரியில் அரபு நடத்தும் அவள் கணவன்தான் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மகள் பிறந்த அன்று தொட்டிலைக் குனிந்து பார்த்து, "என் ஈரல் துண்டே!" என்றான்.

"எல்லாரும் கண்ணே, மணியேன்னு கொஞ்சுவாங்க. நீங்க கறிக்கடையே வச்சுட்டீங்களே!"

"அடியே, அரபியில பிள்ளைன்னா ஈரல்லேர்ந்து பிச்செடுத்த துண்டு. பாசம் ஊறுற இடமே அதுதான்னு அந்தக் காலத்துல நெனச்சாங்க. எதோட நடுமையத்துக்கும் அதே சொல்தான். உச்சிவெயில்ல சூரியன் வானத்தோட ஈரல்ல நிக்குதும்பாங்க. கஷ்டத்துக்கும் அதே வேர்லேர்ந்து ஒரு சொல் உண்டு."

"அது சரிதான். ராத்திரி பூரா முழிச்சுக் கஷ்டப்படறது நான்தானே!"

நாலு வயதில் ஒரு காய்ச்சல் அந்தத் துண்டைக் கொண்டுபோய்விட்டது. அதன்பின் அந்த வீட்டில் "சாவி எங்கே", "விளக்கை அணை" என்பதற்கு மேல் பேச்சில்லை.

டாக்டர் சொன்னதை அவள் அரபியில் சொன்னாள். 'கபித்' வந்த இடத்தை வேகமாகக் கடந்தாள். அந்த அப்பா மேசையைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். அவள் தமிழில் சொன்னாள்:

"அவ என் ஈரல் துண்டு டாக்டர். அவளுக்கு உதவாத ஈரல் எனக்கு எதுக்கு?"

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை.

"நாலு வயசுதானே. வெறும் காய்ச்சல்தானே. எங்கிட்டேர்ந்து எதையாவது எடுத்திருக்கலாமே, ஒருத்தர்கூடக் கேக்கலையே..."

டாக்டர் நிமிர்ந்தார். "பொண்ணுக்குப் பதினாறு வயசில்லையா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத அந்த அப்பா அவள் முகத்தையே பார்த்தார். தனக்கு வைத்திருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு தாழ்ந்த குரலில், அரபியில் கேட்டார்:

"உன் ஈரல் துண்டோட பேர் என்னம்மா?"

வீட்டில்கூட இப்போது யாரும் சொல்லாத பெயரை அவள் சொன்னாள். அவர் அதை மெல்லத் திருப்பிச் சொன்னார். கூடவே தன் மகளின் பெயரையும் சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டர்.

அவள் மொழிபெயர்க்கவில்லை.