சாயம் ஏறாத குட்டிகள்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் உண்ணாமலையிடம்தான் கொண்டுவருவார்கள். வாசல் வெளிச்சத்தில் நூல் சிட்டத்தைப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "இது நேத்து முக்குனது, அது முந்தாநேத்து" என்பாள். அது சரியாகவே இருந்து தொலைக்கும். அதனால் வந்த கர்வம்தான் இந்தக் கதை. பின்னாளில் அவளே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதனால் நீங்களும் சிரிக்கலாம் கண்ணுகளா, பாவமில்லை.

தொண்ணூற்றெட்டு, மே மாதம். பக்கத்து வீட்டு அமலி டீச்சர் லீவுக்குத் தெள்ளாரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அவளிடம் ஒரே ஒரு பிளாக் மோலி இருந்தது. முட்டையிடாமல் குட்டி போடுகிற ஜாதி மீன். இரண்டு முறை குட்டி போட்டு, இரண்டு முறையும் கூட இருந்த மீன்கள் தின்றுவிட்டன. இப்போது மூன்றாவது முறையாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"அக்கா, உங்க மீன் தொட்டில வுட்டுட்டுப் போறேன். குட்டி போட்டா ஜல்தியா எடுத்துத் தனியா வச்சிடுங்க. இந்த வாட்டியாவது நாலு பொழைக்கணும். ஸ்கூல் பசங்களுக்குக் காட்றேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"நீங்க கவலப்படாம போங்க டீச்சர். என் கண்ணுல இருந்து ஒரு கறுப்பு தப்புமா?"

நான்காம் நாள் காலையில் மோலியின் வயிறு வற்றியிருந்தது. சந்தோஷம். ஆனால் உண்ணாமலையின் கப்பி மீனுக்கும் வயிறு வற்றியிருந்தது. அதுவும் குட்டி போடுகிற ஜாதிதான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பெற்றுத் தள்ளியிருந்தன. டீ வடிகட்டியால் அள்ளினாள். இருபதுக்கு மேல் தேறின. ஒன்றுகூடக் கறுப்பில்லை! எல்லாமே சாயப்பட்டறைக்குப் போகாத நூல் மாதிரி ஒரே மங்கல்.

தொழில் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். வெள்ளையில் விட்டால் மீன்குஞ்சு இன்னும் வெளுத்துக் காட்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நூல் அப்படிச் செய்யாதே.

சாயப்பட்டறைக்குப் புறப்பட்ட அவள் புருஷன் பலராமன் எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, மீனுக்கும் ஷேடு பாத்துகினு கீறியா?"

"சும்மா போங்க. தோ, சிலதுக்கு மட்டும் வயித்தடியில ஒரு கறுப்புப் புள்ளி தெரியுது பாருங்க. சாயம் புடிக்க ஆரம்பிச்சிடுச்சி. இதுங்கதான் மோலி."

புள்ளி வைத்த ஒன்பது பொடிசுகள் ஊறுகாய் பாட்டிலுக்குப் போயின. புள்ளியில்லாதவை கொஞ்சம் பெரிதாகவே இருந்தன. நம் வீட்டுக் குட்டிகள்தானே என்று தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில் கொட்டினாள். கொசுப்புழு தின்று கிடக்கட்டும்.

மாதம் முழுக்க பாட்டிலுக்கு ராஜ உபசாரம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்துப் போட்டாள். தினம் தண்ணீர் மாற்றினாள். புள்ளி பரவுகிறதா என்று காலையும் மாலையும் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னாமே, தோட்டத்துத் தொட்டியில கறுப்பு கறுப்பா ஓடுது" என்றான் பலராமன் ஒருநாள்.

"பட்டறையில இருந்து வந்து கையக் கழுவாம தண்ணி மொண்டா வேறென்ன ஓடும்? சாயக் கசடுதான். என் கண்ணுக்குத் தெரியாதா?"

எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை அந்தக் கண்மேல்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கையில் அமலி வந்தாள். பாட்டிலை வாங்கி உயர்த்திப் பார்த்தாள்.

"அக்கா, இது கப்பிங்க. பொட்டைக் கப்பிக்குத்தான் இந்தப் புள்ளி. மோலிக் குட்டி பெருசா இருக்குமே. மங்கலாப் பொறந்தாலும் அப்பறமா கறுத்துடும்." குரல் இறங்கியது. "அப்ப இந்த வாட்டியும் இல்லயா?"

உண்ணாமலைக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒன்பது கப்பிகளும், அச்சு அசல் தாயின் ஜாடையில், மஞ்சள் கரு தின்ற வயிற்றோடு அவளைப் பார்த்தன. கொசுப்புழுவுக்கு அனுப்பியது யார் பிள்ளைகளை என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏமே!" தோட்டத்திலிருந்து பலராமன் கத்தினான். "உன் சாயக் கசடு என் கைய மொய்ச்சிக்கினு கடிக்குது, வந்து பாரு!"

இருவரும் ஓடினார்கள். பாசி படர்ந்த தண்ணீரில், கறுப்பு வெல்வெட்டில் வெட்டிப் போட்டதுபோல, பன்னிரண்டு மோலிகள். அமலி இரண்டு முறை எண்ணினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஏன்க்கா, என் புள்ளைங்கள கொசு தின்ன வுட்டுட்டு, உங்க புள்ளைங்களுக்கு மஞ்சக்கரு ஊட்டினீங்களா?"

"நான் பாக்காம வுட்டதாலதான் டீச்சர் அதுங்க பொழைச்சிது" என்றாள் உண்ணாமலை.

மறுநாள் நெசவுக்காரர் சடையப்பன் இரண்டு சிட்டங்களோடு வந்து நின்றார்.

"ரெண்டும் ஒரே அரக்குக் கலரா, பாத்துச் சொல்லுமா."

வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். வாயைத் திறந்தவள் தோட்டப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வச்சிட்டுப் போங்கண்ணா" என்றாள். "ஒரு மாசம் வளரட்டும், சொல்றேன்."