ஒரு முறம் தவிடு

நடேசனுக்கு வாய் சும்மா இருக்காது என்பது கல்யாணமான மறுநாளே அமிர்தத்துக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மனுஷன் தன் வாயாலேயே தன் வீட்டுக்குக் கேஸைக் கூப்பிட்டு உட்காரவைப்பான் என்று அவள் நினைத்ததில்லை.

வந்தவள் நல்லவளாகத்தான் இருந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். கல்பனா என்று பெயர். குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸில் சமூகப் பணியாளர். தத்துக்கு மனு போட்டவர்கள் வீட்டை வந்து பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து, கலெக்டருக்கு அறிக்கை எழுதுவது அவள் வேலை. கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லை ஓரமாகக் கொளுத்துகிற வெயிலில் நடந்தே வந்திருந்தாள். மாட்டுக்கொட்டகை, கக்கூஸ், அவர்கள் வளர்க்கிற பெண் கோகிலா படுக்கிற இடம், அவள் ஸ்கூல் பை எல்லாவற்றையும் பார்த்தாள். கோகிலாவைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினாள். மோர் கொடுத்ததைக் குடித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்து எழுந்திருக்கிற நேரத்தில்தான் கேட்டாள்.

"கொழந்த உங்ககிட்ட எப்டிம்மா வந்தா?"

அமிர்தம் வாயைத் திறப்பதற்குள் நடேசன் முந்திக்கொண்டான். முகத்தில் பெருமை வேறு. "தவுட்டுக்கு வாங்குன புள்ள மேடம் இது. ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கினு வந்தோம்."

கல்பனாவின் பேனா நின்றது. "வாங்கினீங்களா?"

"ஆமா மேடம். இவ தங்கச்சிகிட்டருந்துதான். யார வேணா கேளுங்க, ஊரே சொல்லும்."

ஊர் சொல்லும்தான். அமிர்தத்தின் தங்கை கலியம்மாளைத் திருக்கனூரில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், தவிட்டுக்கு விற்றுவிடு என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன் ஒரு பொருட்டாக மதிக்க மாட்டான், விட்டுவிட்டுப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. அமிர்தம் ஒரு முறம் தவிட்டைக் கொண்டுபோய்த் தங்கை வாசலில் கொட்டிவிட்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தாள். மூன்று வயது தாண்டியதும் பெற்றவள் தவிட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். அதுதான் வழக்கம்.

மூன்று வயது தாண்டியதும் கலியம்மாள் வந்தாள். அதற்குள் தன் வயிற்றில் ஒன்றும் தங்கப் போவதில்லை என்று அமிர்தத்துக்கு முடிவாகிவிட்டிருந்தது. தங்கை வாசலுக்கு வந்ததைப் பார்த்ததுமே அவளுக்குத் தலைக்கேறியது. "இன்னும் தோசம் போவலடி. எடுத்துனு போயி சாவடிக்கப் போறியா?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. வந்த காலோடு திரும்பிப் போனவள்தான் கலியம்மாள். பிறகு அவளுக்கு ஒரு பையன் பிறந்து தங்கினான். புருஷன் செத்துப் போனான். நல்லது கெட்டதில் பார்த்தால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதோடு சரி. உங்கம்மா திருக்கனூர்க்காரி என்று கோகிலாவிடம் யாராவது சொல்லிவிட்டால் போதும், அமிர்தம் அவர்களை மூன்று தலைமுறைக்கு இழுத்துவைத்துத் திட்டுவாள். கோகிலாவுக்கு விஷயம் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அம்மா ஒருத்திதான், கலியம்மாள் சித்திதான்.

இப்போது கோகிலா ஆறாவது படிக்கிறாள். பிறப்பு சர்டிபிகேட்டில் ஒரு அம்மா, கையெழுத்துப் போடுவது ஒரு அம்மாவா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்காகத்தான் இந்த மனுவே.

"அம்மா," என்றாள் கல்பனா, "கொழந்தைக்குப் பதிலா எது கைமாறினாலும் சட்டப்படி அது விக்கிறதுதான். ஜெயில் வரைக்கும் போவும்."

"தவுடுங்க அது. மாட்டுக்கு வக்கிறது."

"தெரியுதும்மா. நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான். ஆனா கேட்டத எழுதாம வுட்டா, நாளைக்கு எவனாவது மொட்டக் கடுதாசி போட்டு உங்க ஆர்டரயே கெடுத்துடுவான். எழுதிட்டு, அதுக்குப் பதிலும் வாங்கி வச்சிட்டாதான் உங்களுக்கு நல்லது. கலெக்டர் ஆபீஸ் விசாரணைக்கு உங்க தங்கச்சி வரணும். அது வெறும் சடங்கு, புள்ளய மனசாரதான் குடுத்தேன்னு அவங்களே சொல்லணும். அவங்க மாத்திச் சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கல்பனா போனதும் நடேசன் மெதுவாகத் தன் லோடு ஆட்டோ பக்கம் நகர்ந்தான். அமிர்தம் விடுவாளா? "அவ கேட்டது என்னய. உன்ன யாரு கேட்டா? ஒரு மொறம் தவுடாம், பெருமையா சொல்லிக்கினு நிக்கிற. உன் வாயில அந்தத் தவுட்டக் கொட்டியிருக்கணும்யா அன்னிக்கு." அன்று அவனுக்கு அந்த வீட்டில் சோறு கிடைக்கவில்லை. கோகிலாதான் தன் தட்டில் இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாளே அமிர்தம் திருக்கனூருக்குக் கிளம்பிவிட்டாள். பாண்டிச்சேரியில் பஸ் மாறி, வில்லியனூர் தாண்டிப் போகிற வழியெல்லாம் அவளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. பெற்றுப் போட்டவள் ஒரு வார்த்தை சொன்னால் வளர்த்தவளுக்குப் பிள்ளை உண்டு, சொல்லாவிட்டால் இல்லையாம். இது என்ன நியாயம் என்று கண்டக்டரிடம் கேட்காததுதான் பாக்கி.

கலியம்மாள் நெல் மில்லில் கூலி வேலை செய்துகொண்டிருந்தாள். தலையில் கட்டிய துணி, புருவம், கண் இமை எல்லாம் தவிட்டுத் தூள். அக்காவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று அமிர்தம் கேட்கவில்லை.

"விசாரணைன்னு கூப்புடுவாங்க. வந்து, அது வெறும் சடங்குன்னு சொல்லு."

"சடங்குதானக்கா?"

"ஆமா. சடங்குதான்."

கலியம்மாள் தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். "வெறும் சடங்குன்னா, புள்ள எனுதுதானக்கா."

அமிர்தத்துக்கு நாடி நரம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "உனுதா? பீ மூத்தரம் அள்ளுனவ நானு. அவளுக்கு அம்ம போட்டப்போ வேப்பலய வச்சிக்கினு தூங்காம கெடந்தவ நானு. நீ இன்னாடி பண்ண? பத்து மாசம் சொமந்துட்டா போதுமா? நாய்கூடதான் சொமக்குது." மில்லில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் நாலு வார்த்தை சொன்னாள். அதில் இரண்டு, சொல்லக்கூடாத வார்த்தை.

கலியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். கடைசியாக, "எந்தத் தேதிக்கா?" என்று மட்டும் கேட்டாள். அமிர்தம் கல்பனா சொல்லியிருந்த தேதியைச் சொல்லிவிட்டு, நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் வந்துவிட்டாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. வருகிறேன் என்றும் தங்கை சொல்லவில்லை, வந்து இதைத்தான் சொல்வேன் என்றும் சொல்லவில்லை. தேதியை எதற்குக் கேட்டாள்?

விசாரணைக்குக் கலியம்மாள் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. கலெக்டர் ஆபீஸ் நடையில் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். பையின் தையல் வழியாக அவள் புடவையில் பழுப்பாகத் தூள் உதிர்ந்திருந்தது. மாடு வைத்திருக்கிறவளுக்குத் தவிட்டைத் தெரியாதா? அமிர்தத்துக்குப் புரிந்துபோனது. வழக்கப்படி திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போக வந்திருக்கிறாள் பாதகத்தி, அதுவும் அதிகாரி முன்னாலேயே. எழுந்து தங்கையிடம் பாயப் பார்த்தவளைக் கல்பனா தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "இங்க சத்தம் போட்டீங்கன்னா அதையும் நான்தாம்மா எழுதணும்."

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி இருந்தார். முதலில் கோகிலாவைக் கேட்டார். இவர்களோடேயே இருக்க உனக்குச் சம்மதமா என்றதற்கு அவள் தலையாட்டினாள். வாயால் சொல்லும்மா என்றார். "சம்மதம் சார்," என்றாள். அவளை வெளியே நடேசனோடு உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டு, கல்பனாவின் அறிக்கையைப் புரட்டினார்.

"கலியம்மாள். கொழந்தைக்குப் பதிலா ஏதாவது வாங்குனீங்களா?"

"வாங்குனேன் சார்."

கல்பனா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஒரு மொறம் தவுடு," என்றாள் கலியம்மாள். எழுந்து, மஞ்சள் பையை மேசைமேல் வைத்தாள். "அத்தத் திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

அமிர்தம் எப்போது எழுந்தாள், பை எப்படி அவள் கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. தங்கை முகத்தைப் பார்த்து வீசினாள். தவிடு அவள் தலையிலும் மேசையிலும் பைல் மேலும் கொட்டியது. மின்விசிறிக் காற்றில் அறை முழுக்கப் பறந்தது.

"எழுதிக்கங்க சார். சடங்கு இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வாங்குனேன். வெல குடுத்து வாங்குனேன். கேஸ் போடுங்க, ஜெயிலுக்குப் போறேன். இவகிட்ட மட்டும் புள்ளய தர மாட்டேன்."

"அம்மா, உக்காருங்க," என்றாள் கல்பனா. அமிர்தம் உட்காரவில்லை.

கலியம்மாள் கண்ணில் விழுந்ததை முந்தானையால் துடைத்தாள். அவள் அக்காவைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்துத்தான் கேட்டாள். "வாங்குனதத் திருப்பிக் குடுத்துட்டா அப்பறம் வித்ததா ஆவாதில்ல சார்? எங்கக்கா மேல கேஸ் வராதில்ல?"

அதிகாரி கல்பனாவைப் பார்த்தார்.

"இப்ப என் கையில ஒண்ணும் இல்ல. அவள சும்மாதான் குடுக்கறேன். எங்கக்காவுக்கு. மனசாரதான். எழுதிக்கங்க மேடம், நான் கையெழுத்து போடறேன்."

கல்பனாதான் முதலில் பேசினாள். "புள்ள பொழைக்கறதுக்காகப் பண்ற சடங்கு சார் இது. விக்கிற எண்ணம் யாருக்கும் இல்ல. அக்கா கோவத்துல சொன்னது போவ, தங்கச்சி வாக்குமூலத்த வச்சி இன்னொரு அறிக்கை குடுத்துடறேன். உத்தரவு போடறதுக்குத் தடை எதுவும் இருக்காது."

"குடுங்க," என்றார் அவர். "மொதல்ல இந்த மேசைய தொடைங்க."

அமிர்தம்தான் துடைத்தாள். பைலின் இடுக்கில் போனதையெல்லாம் விரலால் வழித்து மஞ்சள் பையில் போட்டாள். தான் வாங்கி வந்த பிள்ளை என்றுதான் இத்தனை வருஷமும் தலை நிமிர்ந்து நடந்திருந்தாள். இப்போது பார்த்தால் சின்னவள் போட்ட பிச்சையாகிவிட்டது. அதை நினைக்க நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது. நடைக்கு வந்ததும் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"மில்லுலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடி. எதுக்கு என்ன இப்டி சந்தி சிரிக்க வச்ச?"

"நீ எங்கக்கா கேட்ட? நான் வாயத் தொறந்து ஒண்ணு சொன்னேன், நீ திட்டிட்டுப் போயிட்ட." கலியம்மாள் குரலிலும் இப்போது சூடு ஏறியிருந்தது. "அன்னிக்கும் அப்டித்தான் தொரத்தி வுட்ட. அவளுக்கு மூணு முடிஞ்சி வந்தனே, அன்னிக்கு என் கையப் பாத்தியா நீ? தவுடு எடுத்துனா வந்தேன்? வெறுங்கையோட வந்தேன். அவ எப்டி நடக்கறான்னு பாக்கத்தான் வந்தேன்."

அமிர்தம் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். வாசல் ஞாபகம் வந்தது, தான் கத்தியது ஞாபகம் வந்தது. தங்கையின் கை மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனை வருஷம் யார்மேல் கோபப்பட்டோம் என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

கலியம்மாள் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கப் போனாள். "பையன் ஸ்கூல்லருந்து வந்துடுவான்."

நடை ஓரத்தில் நடேசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலா, தலையெல்லாம் தவிட்டோடு போகிற சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமிர்தத்துக்கு நல்ல விதமாகப் பேசத் தெரியாது. எதைச் சொன்னாலும் அதட்டலாகத்தான் வரும். அதே அதட்டலில்தான் இதையும் சொன்னாள்.

"இன்னாடி பாத்துனு உக்காந்துனுகீற? உங்கம்மா தனியா போறா. கையப் புடிச்சிக் கூட்டினு போயி பஸ் ஏத்தி வுட்டுட்டு வா."

கோகிலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்கூல் பையை நடேசன் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.