நாற்பத்து நாலு பிடிக்கும் டிரம்

கூக்கால் மலைக்கிராமத்தில் பயிருக்கு மருந்தடிக்க வேண்டுமென்றால் பெரியண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பதினைந்து வருடம் அவருக்கு அதே வேலை. எழுபத்து நாலில் குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்த பிறகும் அதே வேலை. சொந்த நிலம் கிடையாது. நல்லா அடிப்பார் என்ற பெயர்தான் சோறு போட்டது.

2003 ஆடியில் செல்வமுருகன் கூப்பிட்டான். பழனியில் பாத்திரக்கடையை விட்டுவிட்டு வந்து, முதல் தடவையாக உருளைக்கிழங்கு போட்டிருந்தான். ஒரு வாரமாக மூட்டம் விலகவில்லை. கருகல் நோய்க்கு ஏற்ற சமயம். ஓடைத் தண்ணீர் ஓஸ் வழியாக இரும்பு டிரம்மில் நிறைந்துகொண்டிருந்தது. மருந்து லேபிளில், லிட்டருக்கு இரண்டு மில்லி என்று இருந்தது.

"டிரம்மு எவ்வளவுண்ணே பிடிக்கும்?"

"நாப்பத்து நாலுங்க."

செல்வமுருகன் இரண்டால் பெருக்கி எண்பத்தெட்டு மில்லி ஊற்றினான். பெரியண்ணன் கம்பால் கலக்கிவிட்டு மோந்து பார்த்தார்.

"தம்பி, வாடையே இல்லீங்களே. வெறும் தண்ணியாட்டம் கெடக்கு."

"லேபிள்ல உள்ள கணக்குண்ணே. உங்க சிலோன் கணக்கை இங்க கொண்டாராதீங்க. வெரசா அடிங்க."

அவர் தன் மருந்தடிக்கும் மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். பத்தாம் நாள் வயல் முழுக்கக் கருகி நாறியது.

"மேலாக்கத் தெளிச்சிட்டுப் போயிட்டாரு. இலைக்கு அடியில படவே இல்ல" என்று டீக்கடையில் சொன்னான் செல்வமுருகன். ஒரு தடவைதான் சொன்னான். அதற்குப் பிறகு பெரியண்ணனை யாரும் கூப்பிடவில்லை. கார்த்திகையில் கன்னிவாடிப் பக்கம் ஒரு செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்.

தை மாதம் செல்வமுருகன் புது பிளாஸ்டிக் டிரம் வாங்கிவந்து பழையதன் பக்கத்தில் இறக்கினான். இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம். புதியதில் 200 லிட்டர் என்று அச்சடித்திருந்தது. பழையதும் இருநூறு பிடிக்குமென்றால் நாற்பத்து நாலு என்ன கணக்கு? பிறகு பெரியண்ணன் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி வேலம்மா மட்டும் இருந்தாள்.

"டிரம்மு நாப்பத்து நாலுன்னு அண்ணன் சொன்னாரே. நாப்பத்து நாலு என்னாக்கா, லிட்டரா?"

"காலன்தான். தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும்." முறத்தில் இருந்து தலையை எடுக்காமலே சொன்னாள். "அவுக ஒருநாளும் இலைக்கு அடியில அடிக்காம விட்டதில்ல, தம்பி."

"தப்பு என்னுதுதான், அக்கா. ஊர்ல சொல்லிர்றேன்."

"சொல்லுங்க. மெசினை வித்தாச்சு."

சாயங்காலம் டீக்கடையில் சொன்னான். ஒரு காலன் நாலரை லிட்டர், நாற்பத்து நாலு காலன் இருநூறு லிட்டர், தான்தான் மருந்தைக் குறைத்து ஊற்றிவிட்டதாக விளக்கினான். அன்றைக்குக் கேட்ட மாதிரி இதை யாரும் கேட்கவில்லை. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"அட விடுப்பா. இப்பத்தான் மன்னவனூர்க்காரன் பவர் மெசினோட வந்து அடிக்கிறானே."