லேபிள் ஒட்டாத பை

தங்கைக்குப் பூஞ்சாணம் வளர்க்கும் கூடத்தில் வேலை. வேகவைத்த அரிசியைப் பைகளில் அடைத்து விதைப் பூஞ்சாணம் கலந்து வைப்பாள். இரண்டு வாரத்தில் அரிசி முழுக்க வெள்ளை மாவு பூத்துவிடும். அதைக் கரைத்துச் செடிக்குத் தெளித்தால் பூச்சியின் உடம்பில் முளைத்து, உள்ளே பரவி, கொன்றுவிடும்.

அக்கா கணவரின் கத்தரிச் செடிகளில் வெள்ளை ஈ அப்பியபோது, லேபிள் ஒட்டாத ஒரு பையைக் கூடத்தில் யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சாயங்காலமா அடிங்க மாமா. வெயில் ஆகாது."

பத்தே நாளில் ஈ ஒழிந்தது. "மச்சினின்னா இப்படி இருக்கணும்" என்று மாமா பூரித்துப்போனார்.

லேபிளின் கடைசி வரி: பட்டுப்புழு வளர்க்கும் இடத்தருகே தெளிக்கக் கூடாது. அதைத் தினமும் நூறு பையில் ஒட்டுகிறவள், சொல்ல மறந்துவிட்டாள். கத்தரியை ஒட்டித்தான் அக்கா தன் பட்டுப்புழுக்களின் தீனிக்காக வளர்க்கும் முசுக்கொட்டைச் செடிகள். காற்றில் வந்த சாரல் இலையில் படிந்து, இலையோடு புழுத் தட்டுகளுக்குப் போனது.

ஈ ஒழிந்த அதே வாரம் புழுக்கள் தின்பதை நிறுத்தி விறைத்தன. பார்க்க வந்த தங்கை ஒன்றை எடுத்தாள். சாக்பீஸ் மாதிரி ஒடிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒடிந்த துண்டுகளைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

"கை கழுவாம இலை போட்டிருப்பா" என்றார் மாமா. எட்டு வருடமாகத் தட்டுகளைப் பார்த்துவந்த வேலைக்காரம்மாவைச் சொன்னார்.

"பிளீச்சிங் தண்ணியில கழுவாம நான் உள்ள காலே வைக்கிறதில்லைங்களே" என்று அவள் வெடித்த விரல்களை நீட்டினாள். யாரும் பார்க்கவில்லை. சேதி பரவி, வேறு புழுக் கொட்டகைகளிலும் அவளைச் சேர்க்கவில்லை.

மூன்று வாரம் பொறுத்து, தட்டு கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் தங்கை சொன்னாள்: "நான் குடுத்த பொடிதான்க்கா."

"தெரியும்டி. அன்னைக்கே உன் மூஞ்சி சொல்லிடுச்சு. மாமாவுக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் அந்தம்மா மேல பழியப் போட்டீங்க?"

"வேற யார் மேல போடுறது? உன் மேலயா? உன் வேலை போயிடும். அவர் மேலயா? நான் இந்த வீட்டுல இருக்கணும்ல?" அக்கா அடுத்த தட்டை எடுத்தாள். "போய்ச் சொல்லணும்னா சொல்லு. நான் தடுக்கல."

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அந்தம்மாவே எதிரில் வந்தாள். "என் மேல தப்பில்லம்மா. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்."

தங்கை பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தாள்.

"நல்லா இருப்பே கண்ணு" என்று அவள் தங்கையின் கன்னத்தைத் தடவினாள். பஸ் வந்தது. தங்கை ஏறிக்கொண்டாள்.