பேர் இல்லாத நிருபம்

சாரா அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது சபை உபதேசியார் ஏசுபாதம் குனிந்து உள்ளே வந்தார். தகர வீடு. பதினொரு மணிக்கே கொதித்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தார். ஜெபம் செய்யவில்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார்.

அப்பா மாசிலாமணி விடியற்காலையில் இறந்திருந்தார். சுரங்கத்தில் பதினாறு வருஷம் பாறை துளைத்தவர். தூசி நெஞ்சில் கட்டிவிட்டது. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பெட்டி வந்துவிட்டது. தூக்குகிற நாலு பேருக்கும் இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் ஷிப்ட். அதற்குள் புதைக்க வேண்டும்.

குழிதான் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், ஞாயிறு வேதபாட வகுப்பில், பைபிளில் எபிரெயருக்கு எழுதின நிருபம் என்கிற கடிதம் பவுல் எழுதினது இல்லை என்று அப்பா சொன்னார். "மத்த நிருபத்துல எல்லாம் மொத வரியிலயே தன் பேரைச் சொல்றாரு. இதுல சொல்லல. எழுதினவரே போடாத பேரை நாம இன்னாத்துக்குப் போடணும்?"

வகுப்பு நடத்திய உபதேசியார் வேதப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அப்பாவைச் சபையிலிருந்து நீக்கினார்கள். தப்பு என்று எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அப்பா எழுதவில்லை.

நீக்கப்பட்டவர்களுக்குச் சபைக் கல்லறையில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே, காலராவில் செத்தவர்களைப் போட்ட மேடு இருந்தது. அதைப் பன்றிகள் கிளறும். வேலிக்கு உள்ளே சாராவின் தம்பி கிடந்தான். அவன் பக்கத்து இடத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

உபதேசியார் லோட்டாவைக் கீழே வைத்தார். சபையின் பாதிரியான ஐயருக்குக் காட்ட ஒரு காகிதம் இருந்தால் போதும் என்றார். போன வியாழக்கிழமை தேதி போடலாம். சாராவின் கையெழுத்தும் அப்பாவுடையதும் ஒரே மாதிரி இருப்பது அவருக்குத் தெரியும்.

சாரா கேட்டாள்: "செத்தவரு எழுதினதாவா?"

"வியாழக்கிழமை உசுரோடதானேம்மா இருந்தாரு."

சாரா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஈ ஓட்டுவதை நிறுத்தவில்லை.

"எழுது சாரா. உன் தம்பி அங்க தனியா கீறான்."

பெட்டியின் மூடிமேல் காகிதத்தை வைத்து எழுதினாள். உபதேசியார் சொல்லிக்கொண்டே போனார். பெருமையினால் வழிதப்பிப் பேசினது தவறு. நிருபம் பவுலுடையதே. இதை என் சொந்தக் கையால் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தி மூக்குப்பொடி போட்டார். ஒரு துளி அவர் மீசையில் தொங்கியது. தவறு என்றால் போதாது, பாவம் என்று மாற்றச் சொன்னார். மாற்றினாள். அப்பா ழகரத்தின் வாலை நீட்டி இழுப்பார். அவள் கையும் தானாக இழுத்தது.

அவர் வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"பேரு எங்கம்மா? மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

"அதை நான் போடமாட்டேன்."

சுரங்கத்து ஆலையில் கல் இடிக்கிற சத்தம் கேட்டது. வெளியே தூக்குகிறவர்களில் ஒருவன், ராஜப்பா, நேரமாகிறது என்று குரல் கொடுத்தான். உபதேசியார் வாசலைப் பார்த்தார். பிறகு அவரே பேனாவை வாங்கினார். முதல் வரிக்கு மேலே இடம் குறைவு. நெருக்கி எழுதினார்: மாசிலாமணி எழுதுகிறதாவது. ஊதிக் காயவைத்து, மடித்துப் பைக்குள் வைத்தார். பேனா முனையை, அப்பாமேல் போர்த்தியிருந்த வெள்ளைத்துணியின் ஓரத்தில் துடைத்தார்.

அப்புறம்தான் ஜெபம் செய்தார். நீளமாக.

ஒன்றரை மணிக்கு வேலிக்கு உள்ளே குழி தயாராக இருந்தது. பெட்டியை மூடும்முன், மைபட்ட ஓரத்தை உள்ளே மடித்துவிடும்படி அம்மா மெதுவாகச் சொன்னாள். சாரா மடித்தாள். மை அடுத்த மடிப்பிலும் ஊறியிருந்தது.